வீட்டில் எப்போது சொல்வது?

கேள்வி: விசைப்படகில் வேலை செய்கிறேன். மூன்று வாரம் முன்பு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள், ராத்திரி போடுகிறேன். தூக்கமே இல்லை, கண்டதெல்லாம் நினைப்பு வருகிறது. மனைவிக்குச் சொல்லவில்லை. அடுத்த வாரம் தங்கு கடலுக்கு (பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க) போகணும். (பெயர் வேண்டாம், காசிமேடு)

பதில்: முதலில் தூக்கம். இப்போது பெரும்பாலும் தருவது டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒற்றை மாத்திரை. அதில் டோலுடெக்ராவிர் சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும். எல்லாம் மனக்கவலை என்று குமைந்துகொண்டிருப்பவர்களில் சிலருக்கு, காலையில் போட ஆரம்பித்ததுமே தூக்கம் வந்துவிடும். மாத்திரை தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் கேட்டு நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். செத்துவிடலாம் என்ற நினைப்பு ஒரு தடவை வந்தாலும் காத்திருக்க வேண்டாம். அரசு மனநல உதவி எண் 14416-க்குப் போன் செய்யுங்கள், இலவசம்தான்.

கடலுக்கு, திரும்பும் நாளைக் கணக்குப் போட்டு, அதற்கு மேல் ஐந்தாறு மாத்திரை கூடுதலாகக் கொண்டுபோங்கள். பாட்டிலுக்குள் இருக்கும் ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலத்தை எறியாதீர்கள், உப்புக்காற்றில் அதுதான் காவல். கொஞ்சம் பஞ்சு வைத்தால் குலுங்கும் சத்தம் வராது. யாராவது கேட்டால் 'பிரஷர் மாத்திரை' போதும். அதற்கு மேல் எவரும் துருவுவதில்லை. நெஞ்செரிச்சலுக்கு ஆன்டாசிட் மருந்து சாப்பிட்டால், அதற்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ இந்த மாத்திரையைப் போடுங்கள். சேர்த்துப் போட்டால் உடம்பில் சரியாக ஏறாது. குடித்த நாளில் போடக்கூடாது என்று படகில் சொல்வார்கள். தப்பு. குடிப்பதால் வரும் பெரிய ஆபத்தே மாத்திரை மறந்துபோவதுதான்.

மனைவியிடம் சொல்லத்தான் வேண்டும். 2017-ன் எச்.ஐ.வி. சட்டமும் துணைக்கு முன்கூட்டித் தெரிவிப்பதை உங்கள் பொறுப்பாக வைக்கிறது. ஆனால் படகேறும் முந்தின ராத்திரி சொல்லிவிட்டுக் கிளம்பாதீர்கள். செய்தியை அவர் தலையில் போட்டுவிட்டு நீங்கள் கடலில் இருப்பீர்கள், அவர் யாரைக் கேட்பார்? கரையில் நாலைந்து நாள் இருக்கும்போது சொல்லுங்கள். வாய் வரவில்லை என்றால் நம்பிக்கை மையத்துக்கு (அரசின் எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையம்) கூட்டிப்போய் ஆலோசகர் முன் சொல்லலாம். அன்றே அவருக்கும் பரிசோதனை. இல்லை என்று வந்தாலும் 3 மாதம் கழித்து இன்னொரு தடவை. அதுவரை மட்டுமல்ல, உங்கள் வைரஸ் அளவு அடங்கிவிட்டது என்று மையத்தில் சொல்லும்வரை ஆணுறை கட்டாயம். வைரஸ் அளவைப் பார்க்கும் பரிசோதனை வழக்கமாக மாத்திரை தொடங்கி 6-வது மாதம். 'யாரிடமிருந்து வந்தது' என்ற சண்டை கட்டாயம் வரும். ரத்தப் பரிசோதனை அதைச் சொல்லாது என்பதை ஆலோசகர் வாயால் கேட்கட்டும்.

கேள்வி: தம்பிக்கு எச்.ஐ.வி. அம்மா தட்டு, டம்ளர் தனியாக வைக்கிறார். சொன்னால் அழுகிறார். (வியாசர்பாடி வாசகி)

பதில்: தட்டிலோ கழிப்பறையிலோ கொசுவாலோ இது பரவாது. இதை நீங்கள் நூறு தடவை சொல்லியிருப்பீர்கள். அம்மாவுக்கு வாதம் ஏறாது, கண்ணால் பார்த்தால்தான் ஏறும். தினமும் தம்பியோடு ஒரே தட்டில் நீங்கள் சாப்பிடுங்கள். தனித்தட்டு வைத்த வீட்டில் பிள்ளை வெளியே சாப்பிடப் பழகிவிடுவான், கூடவே மாத்திரை நேரமும் தவறும். அம்மாவிடம் அதைச் சொல்லுங்கள், பயம் தட்டிலிருந்து மாத்திரைக்கு நகரும். வீட்டில் தனியாக இருக்க வேண்டியவை ஷேவிங் பிளேடும் பல் பிரஷும்தான். அவை எல்லார் வீட்டிலும் தனித்தனிதானே!