கேள்வி–பதில்: அவா ஒடோரியும் ஹச்சிசுகா குலமும்

கே: ஜப்பானின் தோகுஷிமா நகரில் ஆகஸ்ட் மாதம் நடக்கும் அவா ஒடோரி நடனத்தைத் தொடங்கிவைத்தவர் ஹச்சிசுகா இயேமாசா என்ற சாமுராய் பிரபு என்கிறார்கள். கோட்டை கட்டி முடித்த மகிழ்ச்சியில் ஊருக்கே சாக்கே மது ஊற்றி ஆடச் சொன்னாராமே, உண்மையா? (சேலம் வாசகர்)

ப: கதை அழகாக இருக்கிறது, ஆதாரம்தான் இல்லை. இயேமாசா 1585-இல் ஷிகோகு தீவின் அவா நாட்டுக்கு அதிபதியானதும், இனோயாமா குன்றில் தோகுஷிமா கோட்டையைக் கட்டியதும் வரலாறு. ஆனால் அந்த நாளில் அவர் ஊரை ஆடவிட்டார் என்று சொல்லும் சமகால எழுத்து எதுவும் கிடையாது. இந்த நடனத்தோடு பாடப்படும் யோஷிகோனோ பாட்டில், ஹச்சிசுகா பிரபு நமக்கு விட்டுச்சென்றது அவா ஒடோரி என்ற பொருளில் ஓர் அடி வருகிறது. 1931-இல் தோகுஷிமாவின் கெய்ஷா (விருந்துகளில் ஆடிப் பாடும் கலைஞர்) ஓகோய் பாடிய இசைத்தட்டு வெளிவந்தபின் யோஷிகோனோ நாடெங்கும் கேட்டது. பாட்டோடு கதையும் போயிருக்கும். ஆனால் ‘அவா ஒடோரி’ என்ற பெயரே 20ஆம் நூற்றாண்டில்தான் பரவலாயிற்று. அதுவரை இதை தோகுஷிமாவின் போன் ஆட்டம் என்றே சொன்னார்கள். போன் என்பது இறந்த முன்னோர் வீட்டுக்கு வந்துபோவதாக நம்பப்படும் கோடைக்காலப் பண்டிகை.

ஹச்சிசுகா குலம் வருவதற்கு முன்பே இந்த மண்ணில் ஆட்டம் இருந்தது. 1578-இல், பக்கத்து ஷோசுய் கோட்டையை ஆண்ட மியோஷி குலத்தின் சோகோ மசயாசு, ஃபூர்யூ என்ற அலங்கார ஆட்டத்தை நடத்தியதாக ஒரு பழைய நூல் குறிப்பிடுகிறது. வேரைத் தேடுகிறவர்கள் அங்கிருந்து தொடங்குவது நல்லது.

கே: இந்தக் குலம் எங்கிருந்து வந்தது? கொள்ளைக்காரர் வம்சம் என்றும் படித்தேன். (மதுரை வாசகர்)

ப: இன்றைய ஐச்சி மாநிலத்தின் ஆமா நகரில் உள்ள ஹச்சிசுகா என்ற ஊர்தான் பூர்வீகம். இயேமாசாவின் தந்தை மசாகாட்சு, ஆற்றங்கரைப் பகுதியில் செல்வாக்குள்ள சிறு தலைவர். அன்று ஜப்பானை ஒன்றிணைக்க முனைந்த போர்த்தலைவர்களான ஓடா நொபுனாகாவிடமும் பிறகு டொயோடொமி ஹிதேயோஷியிடமும் பணிபுரிந்தார். அவர் கொள்ளைக்கூட்டத் தலைவர் என்பதும், சிறுவன் ஹிதேயோஷியை யஹாகி ஆற்றுப் பாலத்தில் சந்தித்தார் என்பதும் எடோ காலத்துக் (1603–1868) கதைப்புத்தகங்கள் பரப்பியவை. அந்தச் சந்திப்பு நடந்ததாகச் சொல்லப்படும் காலத்தில் அங்கே பாலமே இல்லை.

1585-இல் ஹிதேயோஷி ஷிகோகுவை வென்றதும் அவா நாடு இயேமாசாவுக்குக் கிடைத்தது. 1600-இல் செகிகஹாரா போர் வந்தபோது குலம் சாமர்த்தியமாகத் தப்பியது. இயேமாசா ஒதுங்கிக்கொள்ள, அவர் மகன் யோஷிஷிகே, போரில் வென்ற டொகுகாவா இயெயாசுவின் பக்கம் நின்றார். யோஷிஷிகேயின் மனைவி இயெயாசுவின் வளர்ப்பு மகள். 1615-இல் ஒசாகா போர் முடிந்ததும் அவாஜி தீவும் சேர்ந்தது. மொத்த மதிப்பு 2,57,000 கோகு. ஒரு கோகு சுமார் 180 லிட்டர் அரிசி, எடையில் ஏறத்தாழ 150 கிலோ. ஒரு ஆளுக்கு ஓராண்டுச் சாப்பாடு என்று கணக்கு. யோஷிஷிகே முதல் மொச்சியாகி வரை 14 பிரபுக்கள் ஆண்டார்கள்.

கே: அப்படியானால் பிரபுக்களுக்கும் நடனத்துக்கும் உள்ள தொடர்புதான் என்ன? (கோவை வாசகர்)

ப: தொடர்பு தடைகளில் இருக்கிறது. 1671-இல் தோகுஷிமா அரசு போட்ட ஆணையைப் பாருங்கள். போன் ஆட்டம் மூன்று நாட்கள் மட்டுமே. சாமுராய்கள் ஊர் ஆட்டத்துக்குப் போகக் கூடாது. ஆடியே தீரவேண்டும் என்றால் தங்கள் வளாகத்துக்குள், வாசற்கதவைச் சாத்திக்கொண்டு ஆடலாம். சண்டை சச்சரவு கூடாது. கோயில் வளாகங்களில் ஆடக் கூடாது. 1685-இல் இன்னும் இறுக்கினார்கள்: நள்ளிரவுக்குப் பின் ஆட்டம் இல்லை, தலையையோ முகத்தையோ மூடிக்கொண்டு ஆடக் கூடாது.

யாரும் செய்யாத ஒன்றுக்கு அரசு தடை போடாது. ஆகவே இந்த ஆணைகளைத் திருப்பிப் படித்தால் 17ஆம் நூற்றாண்டுத் தெரு கண்ணுக்குத் தெரியும்: விடிய விடிய ஆட்டம், துணியால் மறைத்த முகங்கள், கூட்டத்துக்குள் அடையாளம் தெரியாமல் நுழைந்த சாமுராய்கள். அரசு பயந்ததும் அந்த முகமூடிக்குத்தான். முகம் மறைந்தால் யார் எந்தச் சாதி, எந்தப் படி என்பது மறைந்துவிடும். அந்த ஆட்சி முழுவதும் படிநிலையின்மேல் நின்ற ஒன்று.

தடை வெறும் காகிதத்தோடு நிற்கவில்லை. 1841-இல் ஹச்சிசுகா இக்காகு என்ற உயர்நிலை சாமுராய், பிரபுவின் குலப்பெயரையே தாங்கியவர், ஊராரோடு ஆடியதற்காக வீட்டுச் சிறையில் அடைக்கப்பட்டு, பதவியும் இழந்தார். ஆட்டத்தை உண்டாக்கிய குலம் என்பதைவிட, ஆட்டத்துக்கு வேலி கட்டப் பார்த்த குலம் என்பதே பொருத்தம் என்று நாங்கள் உறுதியாக நம்புகிறோம்.

அன்று ஆட்டமும் ஒரே வகையாக இல்லை. பேட்டைக்குப் பேட்டை போட்டியிட்டுப் பட்டாடை உடுத்தி ஆடிய குமி ஒடோரி, நையாண்டி நடிப்பான நிவாகா, தாளத்துக்கு ஏற்ப எவரும் கலந்துகொள்ளும் சொமெகி என மூன்று ஓட்டங்கள். செலவும் ஒத்திகையும் கேட்ட முதலிரண்டும் மங்கின. எதுவும் கேட்காத சொமெகி நிலைத்து, இன்றைய அவா ஒடோரி ஆனது.

கே: இவ்வளவு ஆட்டத்துக்கும் பணம் எங்கிருந்து வந்தது? அவாவின் நீலச்சாயம் நம் அவுரியிலிருந்து எடுப்பதுதானா? (திண்டிவனம் வாசகர்)

ப: பணம் பெரும்பாலும் நீலத்திலிருந்து வந்தது. செடி வேறு. அவுரி பயறு வகையைச் சேர்ந்தது; அவாவில் விளைவது ‘தாதே ஆய்’ என்ற வேறு குடும்பத்துச் செடி. சாயப்பொருள் மட்டும் இரண்டிலும் ஒன்றே.

யோஷினோ ஆறு ஆண்டுதோறும் வெள்ளமெடுக்கும். அறுவடைக்கு நிற்கும் நெல்லைப் புயல்கால வெள்ளம் அடித்துப்போகும். நீலச்செடியையோ அதற்கு முன்பே, கோடையிலேயே, வெட்டிவிடலாம். வெள்ளம் விட்டுப்போகும் வண்டல் நிலத்தைப் புதுப்பித்ததால் ஒரே வயலில் தொடர்ந்து பயிரிடவும் முடிந்தது. காய்ந்த இலையைக் கொட்டகையில் குவித்து, தண்ணீர் தெளித்து, சுமார் 5 நாளுக்கு ஒருமுறை புரட்டி, ஏறத்தாழ 100 நாள் புளிக்கவைத்தால் சுகுமோ என்ற சாய எரு கிடைக்கும். தண்ணீர் குறைந்தால் புளிப்பு நின்றுவிடும். கூடினால் குவியல் அழுகும். அந்த அளவைக் கண்டுசொல்ல மட்டும் தனி ஆள் வைத்திருந்தார்கள்.

இந்தச் செல்வத்தின் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். 1756-இல் நீல வரிக்கு எதிராக விவசாயிகள் கிளம்பத் திட்டமிட்டார்கள். திட்டம் வெளிப்பட்டு, தலைவர்கள் ஐவர் கொல்லப்பட்டனர். அந்த ஐவரையும் ஊர் மக்கள் பின்னர் தெய்வமாக வைத்துக் கும்பிட்டார்கள்.

நீல வணிகர்கள் நாடு முழுதும் சுற்றினார்கள். போன இடத்துப் பாட்டும் தாளமும் கப்பலேறி வந்தன. இன்றைய துள்ளல் தாளத்தில் கியூஷுவின் உஷிபுகா துறைமுகத்து ஹாய்யா பாட்டின் சாயல் இருப்பதாக இசை ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். மெய்ஜி காலத்தில் (1868–1912) இந்திய நீலமும், பிறகு ஜெர்மனியின் செயற்கை நீலமும் வந்து இந்த வணிகத்தைச் சாய்த்துவிட்டன.

கே: அடவை எழுத்தில் விளக்க முடியுமா? வீட்டில் பழகிப் பார்க்க ஆசை. (யாழ்ப்பாணம் வாசகர்)

ப: முடியும். தாளம் இரண்டு தட்டு. முதல் தட்டில் வலது காலை முன்னால் நீட்டி, பெருவிரல் பக்கம் மட்டும் தரையைத் தொடுங்கள். எடை இடது காலிலேயே இருக்கட்டும். இரண்டாம் தட்டில் அதே வலது காலைச் சற்று இடப்பக்கம் குறுக்காக வைத்து மிதித்து, எடையை மாற்றுங்கள். அடுத்த இரண்டு தட்டும் இடது காலுக்கு. வலது கால் போகும்போது வலது கையும், இடது காலுக்கு இடது கையும் முன்னே போகவேண்டும். நாம் நடக்கும்போது கையும் காலும் எதிரெதிராகப் போகும் என்பதால் முதலில் எல்லோருக்கும் இங்கேதான் குழம்பும். கையை இடுப்பில் வைத்துக் காலை மட்டும் பத்து நிமிடம் பழகுங்கள். கால் தானாக ஓடத் தொடங்கியபின் கையைச் சேருங்கள்.

கை எப்போதும் தோளுக்கு மேலே. மணிக்கட்டைச் சுண்டி, காற்றில் ஒரு சிறு முக்கோணம் வரையவேண்டும். அசைவு மணிக்கட்டில் பிறக்காமல் முழங்கையில் பிறந்தால், ஈ விரட்டுவது போலாகிவிடும்.

ஆண்கள் ஆட்டத்தில் முழங்கால் வெளிப்பக்கம் மடிந்து, இடுப்பு தாழ்ந்து, அந்த உயரம் மாறாமலே போகவேண்டும். தொடை வலித்ததும் இடுப்பு தானாக ஏறும்; ஏறிய நொடியே ஆட்டம் வெறும் நடையாகிவிடும். ஆகவே நேரத்தைக் கூட்டுவதைவிட, இரண்டிரண்டு நிமிடமாகத் தாழ்ந்தே ஆடிப் பழகுவது மேல். பார்வை பத்தடி முன்னால் இருக்கட்டும். காலைப் பார்த்தால் முதுகு வளைந்து கை இறங்கும்.

பெண்கள் அடவும் இதேதான், உடல் நிற்கும் விதம்தான் முற்றிலும் வேறு. யுகாதா உடை காலைக் கட்டிவைப்பதால் முன்னடி சிறியது. பின்காலை வெடுக்கென்று மேலே உதைப்பதில்தான் அழகு. கைகள் காதை ஒட்டி வானை நோக்கி நிற்கும். கெத்தா என்ற மரச்செருப்பின் முன்முனையில் உடலை நிறுத்தி ஆடுவார்கள். செருப்பின் அடியில் உள்ள பின்பல் தரையில் பட்டால் உடல் பின்னால் சாய்ந்து, வரிசை முழுக்க கோணலாகத் தெரியும். புதுக் கெத்தாவின் வார் விரலிடுக்கை அறுக்கும். ஒரு வாரமாவது வீட்டில் போட்டுப் பழக்கியபின் தெருவுக்குப் போங்கள். பாதியாக மடித்த அமிகாசா என்ற புல் தொப்பியை நெற்றிப்பக்கம் தாழ்த்தி, பின்கழுத்து தெரியும்படி கட்டவேண்டும். கயிறு தளர்ந்தால் காற்றில் திரும்பிக் கண்ணை மறைக்கும்.

கே: அத்தனை பேரையும் ஒரே தாளத்தில் வைத்திருப்பது எந்த வாத்தியம்? (சிங்கப்பூர் வாசகர்)

ப: கானே. உள்ளங்கையில் அடங்கும் வெண்கலத் தாளம், சிறு சுத்தியால் தட்டுவது. வேகம் கூட்டுவதும் குறைப்பதும் அதன் கையில். புல்லாங்குழலும் ஷாமிசென் நரம்புக்கருவியும் பாட்டை ஏந்த, ஷிமேதைகோ சிறு முரசும் ஓதைகோ பெருமுரசும் நிலத்தை அதிரவைக்கும். பெருமுரசுகள் பெருகியதில் ஷாமிசெனின் ஓசை அமுங்கிப்போவது எங்களுக்கு வருத்தமே. பழைய நயம் அதில்தான் இருக்கிறது.

ஆடுபவர்கள் முன்னால், இசைக்காரர்கள் பின்னால் என்பது வழக்கம். 34 மீட்டர் தூரம் போக ஒலிக்கு ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும். வரிசை நீண்டால் முன்னால் இருப்பவர்கள் தாளத்தைப் பிந்திக் கேட்பார்கள். மழை இன்னொரு தொல்லை: ஈரத்தில் முரசுத் தோல் தொய்யும், ஷாமிசென் தோல் கிழியும்.

கே: யுனெஸ்கோ பட்டியலில் அவா ஒடோரி இருக்கிறதா? (சென்னை வாசகர்)

ப: இல்லை. 2022-இல் 41 ஃபூர்யூ ஆட்டங்கள் ஒரே தொகுப்பாகச் சேர்க்கப்பட்டன. தோகுஷிமா மாநிலத்திலிருந்து அதில் இடம்பெற்றது நிஷி-இயா மலைப்பகுதியின் ஜிந்தாய் ஒடோரி.

கே: குலம் என்ன ஆயிற்று? நேரில் போனால் எதைப் பார்ப்பது, நாமும் ஆட முடியுமா? (திருச்சி வாசகர்)

ப: 1870-இல் அவாஜியை நிர்வகித்த இனாதா குடும்பத்தின் ஆட்கள் தங்களுக்கும் சாமுராய் தகுதி கேட்டபோது, தோகுஷிமா சாமுராய்கள் அவர்களைத் தாக்கினார்கள். முன்னின்றவர்களுக்கு வயிற்றைக் கிழித்துக்கொண்டு இறக்கும் தண்டனை. இனாதா குடும்பம் ஹொக்கைடோவுக்கு அனுப்பப்பட்டது. 1871-இல் பிரபு ஆட்சியே ஒழிந்தது. அவாஜி 1876-இல் ஹியோகோ மாநிலத்துக்குப் போயிற்று. கடைசிப் பிரபு மொச்சியாகி பிறகு டோக்கியோ ஆளுநராகவும் கல்வி அமைச்சராகவும் இருந்தார்.

கோட்டைக் கட்டடங்கள் 1875-இல் இடிக்கப்பட்டன. எஞ்சிய கழுகு வாயில் 1945 ஜூலை 4 குண்டுவீச்சில் எரிந்து, 1989-இல் மீண்டும் எழுந்தது. பச்சை நிறப் பாறையில் எழுப்பிய மதில்கள் பழையவையே. கோட்டை அருங்காட்சியகத்தில் 1857-இல் கட்டிய சென்சான்மாரு என்ற பிரபுவின் படகைத் தவறவிடாதீர்கள்.

திருவிழா ஆகஸ்ட் 12 முதல் 15 வரை. ‘ரென்’ எனப்படும் குழுக்களில் சேராதவர்களுக்காக நிவாகா ரென் என்ற திறந்த குழு உண்டு. கட்டணமில்லை, விசேஷ உடை கட்டாயமில்லை, தொடங்குமுன் அங்கேயே அடவு சொல்லித்தருவார்கள். கூடும் இடத்தையும் நேரத்தையும் அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பாருங்கள். தங்குமிடம் சீக்கிரம் நிரம்பிவிடும். ஒசாகாவில் தங்கிப் பேருந்தில் வருபவர்கள் கடைசி வண்டி நேரத்தை முதலிலேயே குறித்துக்கொள்ளவேண்டும். வேறு மாதத்தில் போகிறவர்களுக்கு, பிசான் மலையடிவாரத்தில் உள்ள அவா ஒடோரி கைகானில் ஆண்டு முழுவதும் நிகழ்ச்சி உண்டு. கடைசியில் பார்வையாளர்களையும் மேடையேற்றி ஆடவைப்பார்கள். டோக்கியோவை மட்டும் பார்த்துத் திரும்புகிறவர்கள் ஆகஸ்ட் இறுதியில் அந்நகரின் கோயென்ஜி பகுதிக்குப் போகலாம். அங்கே 1957 முதல் இதே ஆட்டம் நடக்கிறது.