உப்புக்கல் நொறுங்குகிறது, செம்பு மட்டும் ஏன் வளைகிறது?

பலரும் அணுக்களைச் சேர்த்துப் பிடிக்கும் பிணைப்பின் வலிமையில் பதிலைத் தேடுவார்கள். ஆனால் உப்பு உருகவே 801 டிகிரி செல்சியஸ் வேண்டும். அவ்வளவு உறுதியான பிணைப்பு. பார்க்க வேண்டியது அதன் வகையை.

உப்புப் படிகத்தில் சோடியம் நேர் அயனியும் குளோரைடு எதிர் அயனியும் (அயனி என்றால் மின்னூட்டம் பெற்ற அணு) மாறி மாறி அடுக்கியிருக்கும். அடி விழுந்து ஒரு வரிசை ஓர் அயனி தூரம் நகர்ந்தால் போதும், நேர் அயனிக்குப் பக்கத்தில் நேர் அயனியே வந்து நிற்கும். அதுவரை இழுத்துப் பிடித்த அதே மின்விசை இப்போது தள்ளிவிடும். அதனால்தான் தட்டையான முகங்களோடு பிளக்கிறது. உடைந்த துண்டை லென்ஸில் பாருங்கள், மூலைகள் செங்கோணமாகவே இருக்கும்.

செம்பில் இந்தத் தொல்லையே இல்லை. வெளிக்கூட்டு எலக்ட்ரான்கள் எந்த ஓர் அணுவுக்கும் சொந்தமில்லாமல் உலவி, எல்லா அணுக்களையும் சேர்த்துப் பிடிக்கின்றன. வரிசை நகர்ந்தாலும் பிடிப்பு விடுவதில்லை. மின்சாரத்தைக் கடத்துவதும் அவைதான்.

சரி, அப்படியானால் கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஏன் ஒடிகிறது? படிக அடுக்கிலுள்ள குறைகள் பெருகி, ஒன்றையொன்று நகரவிடாமல் சிக்கிக்கொள்கின்றன; மேலும் வளைய முடியாமல் கம்பி ஒடிகிறது. ஒடிவதற்கு முன்பே நன்றாகச் சூடாக்கி ஆறவிட்டால் கம்பி மறுபடி எளிதாக வளையும்.