ஓடையோரம் மரம் வெட்ட அனுமதி கேட்டிருக்கிறார்கள். ஊர்க்காரர்கள் ஆட்சேபித்தால் யாராவது கேட்பார்களா?

கேட்பார்கள். ஆனால் கூப்பிட்டுக் கேட்க மாட்டார்கள், நாமாகத்தான் போய் நிற்க வேண்டும். எந்த ஊர் என்று நீங்கள் சொல்லவில்லை. சதுப்பு, சில்வர் ஓக், சீகை (வாட்டில்) மரம் என்று கடிதத்தில் எழுதியிருப்பதால் நீலகிரிப் பக்கம், பட்டா நிலம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

சுரங்கம், அணை என்றால் 2006 சுற்றுச்சூழல் அறிவிக்கைப்படி 30 நாள் முன்னால் அறிவித்துக் கருத்துக்கேட்புக் கூட்டம் வைக்க வேண்டும். மரம் வெட்ட அப்படியொரு கூட்டம் கிடையாது. ஆனால் 1955-ஆம் வருட மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி, சொந்த நிலத்து மரமானாலும் மாவட்டக் குழுவின் அனுமதி வேண்டும். நம் மனு அந்தக் குழுவுக்குப் போய்ச் சேர வேண்டும்.

கோத்தகிரிப் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. மேலே ஒரு தனியார் தோட்டம், நடுவில் ஒரு சதுப்பு. ஊர்க் கிணற்றுக்கு அங்கிருந்துதான் ஊற்று. ஒரு ஜனவரி காலையில் இலை பறிக்கப் போனபோது பார்த்தேன். சதுப்போரத்து மரங்களில் உள்ளங்கை அகலம் பட்டையைச் செதுக்கி, சிவப்புப் பெயின்ட்டில் நம்பர் போட்டிருந்தது. செதுக்கிய இடம் இன்னும் ஈரமாக இருந்தது.

முதல் மனுவில் இயற்கையைக் காப்பாற்றுங்கள் என்று இரண்டு பக்கம் எழுதினேன். அறுபது பேர் கையெழுத்து. 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒரு வரி பதில் வந்தது. அப்புறம்தான் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில், மரம் வெட்டத் தோட்டத்துக்காரர் கொடுத்த விண்ணப்பத்தின் நகலைக் கேட்டு வாங்கினோம். 'அருகில் நீர்நிலை ஏதும் இல்லை' என்று அதில் எழுதியிருந்தது. படித்ததும் கை நடுங்கிவிட்டது. பிறந்ததிலிருந்து நான் குடிக்கும் தண்ணீர் அது.

பக்கத்து ஹட்டியைச் (படுகர் ஊர்) சேர்ந்த பெரியவர் ஒருவரும் நானும் துணி காயப்போடும் கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு அளந்தோம். தண்ணீரிலிருந்து ஐம்பது அடிக்குள் 43 மரம். ஒவ்வொரு நம்பரையும் எழுதி, கையால் வரைபடம் போட்டு, மார்ச் 22 கிராம சபையில் தீர்மானமாக்கி அனுப்பினோம். அதற்குப் பிறகுதான் ஒரு அதிகாரி நேரில் வந்தார்.

"இங்க எங்கம்மா சதுப்பு? காஞ்ச புல்லுதானே இருக்கு" என்றார்.

பெரியவர் ஒன்றும் பேசாமல் தன் கைத்தடியைப் புல்லில் வைத்து அழுத்தினார். பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. உருவினால் கரேலென்று சேறு. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் குழியில் தண்ணீர் ஊறி மேலே வந்தது. "இதும்மேல மரத்தை இழுத்துட்டுப் போனா ஊத்துக்கண் அடைச்சிடும் சார்" என்றார். அதிகாரி எங்கள் கயிற்றை வாங்கித் தானே அளக்க ஆரம்பித்தார்.

கடைசியில் 31 மரங்களைப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். மீதி 12 சீகை. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் வெட்ட வேண்டும், சதுப்பு வழியாக இழுக்காமல் மேல் ரோட்டுக்குச் சுமந்து கொண்டுபோக வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள்.

சீகை அந்நிய மரம், வெட்டினால் நல்லதுதானே என்று சிலர் சொல்வீர்கள். ஒப்புக்கொள்கிறேன், அதனால்தான் அந்தப் பன்னிரண்டுக்கும் நாங்கள் குறுக்கே நிற்கவில்லை. எங்கள் கவலையெல்லாம் எப்போது வெட்டுகிறார்கள், எந்த வழியாக இழுக்கிறார்கள் என்பதுதான். பிழைப்பைக் கெடுக்கிறாய் என்றும் ஏச்சு வாங்கினேன். மகள் கல்லூரிக் கட்டணத்துக்கு நானும் அனுமதி வாங்கி ஆறு சில்வர் ஓக் விற்றவள்தான். பச்சைத் தேயிலை விலை படுத்தால் மரம்தான் கைகொடுக்கும் என்று எனக்குத் தெரியாதா? கோத்தகிரியிலேயே லாங்வுட் சோலை 2024 ஜனவரியில், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களைச் சேர்க்கும் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அதற்குக் காவல் இருக்கிறது. எங்கள் சதுப்புக்குப் பெயர்கூடக் கிடையாது, எங்களை விட்டால் பேச ஆளில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை குறைதீர் நாளுக்கு ஊட்டி போக ஏழு மணி பஸ் ஒன்று இருந்தது. அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது ஒரு மனுக் கொடுக்க ஜீப்புக்கும் பஸ்ஸுக்குமாக ஒரு நாள் கூலி போகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அந்த ஜீப்பில் தொங்கிக்கொண்டு போவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. அதற்கும் மனுக் கொடுத்தோம், இன்றுவரை பதில் இல்லை.

சரி, உங்கள் விஷயம். காப்புக்காடாக இருந்து, உங்கள் ஊரில் வன உரிமை பெற்றவர்கள் இருந்தால், 2006 வன உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவைக் காட்டுங்கள். நீர்ப்பிடிப்பையும் நீர் ஆதாரத்தையும் காக்கும் அதிகாரம் கிராம சபைக்கு அதில் இருக்கிறது. பட்டா நிலமென்றால் சர்வே நம்பர், மர நம்பர், தண்ணீரிலிருந்து எத்தனை அடி, இந்த மூன்றையும் எழுதுங்கள். பிப்ரவரி, மார்ச்சில் ஊற்று ஓடுவதைத் தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள். மனுவின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் அலுவலகத்தை விட்டு வெளியே வராதீர்கள்.