குளோரின் கலந்த நீர்: வாசகர் கேள்வி-பதில்

கோவை வாசகி: சிறுவாணித் தண்ணீரில் சில நாள்களில் குளோரின் நெடி அடிக்கிறது. குழந்தைகளுக்குக் கெடுதலா?

இல்லை. எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். உலக சுகாதார நிறுவனம் 5 மில்லிகிராம் வரை ஏற்கிறது. நெடி பிடிக்கவில்லை என்றால் கொதிக்க வைத்து ஆற்றுங்கள். குளோரின் நீங்கிய தண்ணீரில் கிருமி புகுந்தால் தடுக்க எதுவும் இல்லை என்பதால், அதை மூடிவைத்து ஒரு நாளுக்குள் குடித்துவிடுங்கள்.

கோபி விவசாயி: மழை வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு எவ்வளவு பிளீச்சிங் பவுடர் போட வேண்டும்?

கிணற்றின் விட்டத்தையும் நீரின் ஆழத்தையும் எழுதாமல் அளவு மட்டும் கேட்டால் யாரால் சொல்ல முடியும்? தெளிந்த நீருக்கு, புதிய பவுடர் என்றால், 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் என்று கணக்கிடுங்கள். 6 மீட்டர் விட்டமும் 3 மீட்டர் நீரும் உள்ள கிணற்றில் ஏறத்தாழ 85,000 லிட்டர் இருக்கும். அதற்கு 200 கிராமுக்குச் சற்று மேல் போதும். கலங்கல் நீரை முதலில் இறைத்துவிடுங்கள். பவுடரை வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் தெளிவை மட்டும் கிணற்றில் ஊற்றிக் கலக்கி, குறைந்தது அரை மணி நேரம் விடுங்கள். பிறகு எஞ்சிய குளோரினைச் சோதனைப் பெட்டியால் அளந்து பாருங்கள், மூக்கை நம்பாதீர்கள்.

திருப்பூர் வாசகர்: நாங்கள் செல்லும் நீச்சல் குளத்தில் நெடி தூக்கலாக இருக்கிறது, பிள்ளைகளின் கண் சிவக்கிறது. குளோரின் நிறையப் போடுவதால் தண்ணீர் சுத்தமாக இருக்கிறது என்கிறார் பொறுப்பாளர். சரிதானா?

முற்றிலும் தவறு. இந்தப் பதிலைப் பல குளங்களின் பொறுப்பாளர்கள் சொல்லக் கேட்டு மனம் வெதும்பியிருக்கிறேன். குளிப்பவர்களின் வியர்வை, சிறுநீர் ஆகியவற்றுடன் குளோரின் சேரும்போது உருவாகும் குளோரமைன்தான் மூக்கைத் துளைப்பதும் கண்ணையும் தொண்டையையும் உறுத்துவதும். நெடி தூக்கலாக இருக்கும் குளத்தில் கிருமியைக் கொல்லும் கட்டற்ற குளோரின் பெரும்பாலும் போதாமல் இருக்கும். அது லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் இருக்க வேண்டும். கார அமில அளவு 7.2 முதல் 7.8 வரை இருக்க வேண்டும், அதற்கு மேல் ஏறினால் போட்ட குளோரினின் வீரியம் குறைந்துவிடும். இவ்விரண்டையும் நாள்தோறும் அளந்து எழுதும் பதிவேட்டைக் காட்டும்படி கேளுங்கள். அதைக் காட்டாத குளத்துக்குப் பிள்ளைகளை அனுப்பாதீர்கள். குறையில் பாதி நம்முடையது. சோப்புப் போட்டுக் குளிக்காமல் குளத்தில் இறங்குவதும், சிறு பிள்ளைகளைக் கழிப்பறைக்கு அழைத்துச் செல்லாமல் இறக்கிவிடுவதும்தான் இந்த நெடிக்குத் தொடக்கம். வயிற்றுப்போக்கு உள்ளவர்கள் இறங்கவே கூடாது. கிரிப்டோஸ்போரிடியம் என்னும் கிருமி குளோரின் நீரிலும் நாள்கணக்கில் உயிரோடிருக்கும். மூச்சிரைப்பு உள்ள பிள்ளைகளுக்குக் கூரையிட்ட குளத்தைவிடத் திறந்தவெளிக் குளமே நல்லது, ஏனெனில் மூடிய இடத்தில் குளோரமைன் வாயு நீரின் மேலேயே தேங்கிவிடும். இங்கும் அதேதான்: மூக்கை நம்பாதீர்கள், அளந்து பாருங்கள்.

ஈரோடு வாசகி: குளோரின் தண்ணீர் புற்றுநோய் தருமா?

குளோரின் நீரிலுள்ள இலைதழை மக்கோடு சேர்ந்து டிரைஹாலோமீத்தேன்கள் என்னும், புற்றுநோய் ஐயத்துக்குரிய வேதிப்பொருள்களை உண்டாக்குவது உண்மை. அவற்றுக்கும் வரம்பு உண்டு. அந்தச் சிறு அச்சத்துக்காகக் குளோரினைக் கைவிட்டால் காலராவும் டைபாய்டும் திரும்பும்.

பொள்ளாச்சி வாசகர்: மீன் தொட்டிக்குக் குழாய் நீர் ஊற்றலாமா?

நேராக ஊற்றாதீர்கள். ஒரு நாள் திறந்து வைத்தோ, குளோரினை நீக்கும் சோடியம் தயோசல்பேட் சேர்த்தோ ஊற்றுங்கள்.

நாமக்கல் வாசகி: கழிப்பறை கழுவும்போது ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடரும் சேர்த்தால் பளிச்சென்று ஆகிறது. தொடரலாமா?

உடனே நிறுத்துங்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய கழிப்பறையில் அது நுரையீரலைப் புண்ணாக்கும், உயிரையும் பறிக்கும். இனி ஏதேனும் ஒன்றை மட்டும் பயன்படுத்துங்கள். இரண்டையும் ஒரே அலமாரியில்கூட வைக்காதீர்கள்.