இலையுதிர்காலக் கடைசியில் தீனிப் பெட்டிக்குப் பறவைகள் வராமல் அணில்களே வருவது ஏன்?

அந்தச் சமயத்தில் காட்டுச் செடிகளிலேயே விதையும் பழமும் நிறையக் கிடைக்கும். உறைபனி விழுந்து அவை தீர்ந்ததும் பறவைகள் பெட்டியைத் தேடி வரும். தீனி வைத்தால் வலசை போகாமல் தங்கிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலான பறவைகளைக் கிளப்பிவிடுவது பகல்பொழுது குறைவதுதான்.

அணில்தான் பெரிய தலைவலி. மரத்தில் தொங்கவிட்டால் தடுப்பது ரொம்பக் கஷ்டம். மரம், வேலி எல்லாவற்றையும் விட்டு 3 மீட்டராவது தள்ளித் தனிக் கம்பம் நட்டு, பெட்டிக்குக் கீழே கவிழ்த்த கூம்புத் தகடு மாட்டுங்கள். சிலர் விதையில் மிளகாய்த்தூள் கலப்பார்கள். பறவைகளுக்கு அந்தக் காரம் உறைக்காது, அணிலுக்கு உறைக்கும். ஆனாலும் என் ஓட்டு கம்பத்துக்குத்தான்.

இதைவிட முக்கியம் சுத்தம். நனைந்த விதை கட்டிதட்டிப் பூஞ்சை பிடிக்கும்; எச்சம் வழியாகச் சால்மொனெல்லா என்ற நோய்க்கிருமி பரவும். 2 வாரத்துக்கு ஒருமுறையாவது கழுவி, நன்றாகக் காயவைத்து நிரப்புங்கள். இறகை உப்பிக்கொண்டு, ஆள் கிட்டே போனாலும் நகராமல் உட்கார்ந்திருக்கும் பறவையைக் கண்டால் சில வாரங்களுக்குப் பெட்டியையே எடுத்துவிடுங்கள்.

சரி, என்ன வைப்பது? கறுப்புச் சூரியகாந்தி விதை. பட்டாணிக்குருவி ஒரே ஒரு விதையைக் கவ்விக் கிளைக்குக் கொண்டுபோய், காலில் இடுக்கிக் கொத்தி உடைப்பதைப் பார்க்கவே வைக்கலாம்! அப்புறம், ஜன்னல் பக்கம் வைப்பதானால் கண்ணாடியிலிருந்து 1 மீட்டருக்குள் வையுங்கள். வேகமாக மோதி அடிபடுவது குறையும்.