குடியரசுத் தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தால் என்ன?

வேண்டாம் என்பேன். ஆனால் எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் இப்போதைய முறையில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன்.

காஷ்மீர் முதல் குமரி வரை ஊர் ஊராகப் போய் வாக்குக் கேட்டு, கோடிக்கணக்கானோர் ஆதரவில் வென்ற ஒருவர், அமைச்சரவை அனுப்பும் கோப்பில் கையெழுத்திட்டுவிட்டு அமைதியாக இருப்பாரா? 'என்னையும் மக்கள்தான் தேர்ந்தெடுத்தார்கள்' என்று பிரதமரோடு மல்லுக்கு நிற்பார். அரசியலமைப்பை உருவாக்கிய அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினர் கே.டி. ஷா நேரடித் தேர்தலைக் கேட்டார், சபை ஏற்கவில்லை. அதிகாரம் அமைச்சரவையிடமும் நாடாளுமன்றத்திடமும் இருக்க வேண்டும் என்பதில் நேரு உறுதியாக இருந்தார்.

அதிகம் பேசப்படாத இன்னொரு நன்மையும் உண்டு. தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஒருவரின் வாக்கு மதிப்பு 176, உத்தரப் பிரதேசத்தில் 208 என்று போட்டித் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருக்கிறேன். மாநிலத்தின் 1971 மக்கள்தொகையை எம்.எல்.ஏ.க்களின் எண்ணிக்கையால் வகுத்து, பிறகு ஆயிரத்தால் வகுத்தால் வருவது அந்த எண். இன்றும் 1971 கணக்குதான். அதன் அருமை எனக்குப் பிறகுதான் உறைத்தது: குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலங்களின் குரல் அதனாலேயே சிறுத்துவிடவில்லை. எம்.எல்.ஏ.க்கள் எல்லோருடைய வாக்கு மதிப்பும் சேர்ந்து, எம்.பி.க்களின் மொத்த மதிப்புக்கு ஏறக்குறையச் சமமாக இருக்கும். தலைக்கு ஒரு வாக்கு என்றாகிவிட்டால் இந்தக் காப்பு போய்விடும்.

குறை என்னவென்றால், வேட்பாளரை ஒரு சில தலைவர்கள் மூடிய அறைக்குள் முடிவு செய்துவிடுகிறார்கள். வாக்கு ரகசியமானது, கட்சிக் கொறடாவின் உத்தரவும் இதில் கிடையாது. இருந்தும், முதல் விருப்ப வாக்குகளில் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காமல் இரண்டாம் விருப்ப வாக்குகள் வரை எண்ண வேண்டியிருந்தது 1969-இல், வி.வி. கிரி வென்றபோது மட்டும்தான். மற்ற தேர்தல்களில் முடிவு பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்ததுதான். அப்படி வருகிறவர் தன்னைக் கொண்டுவந்தவர்களுக்கு 'இல்லை' என்று சொல்வது கடினம். 1975 ஜூன் 25 இரவு, அமைச்சரவை கூடுவதற்கு முன்பே, அப்போதைய குடியரசுத் தலைவர் ஃபக்ருதீன் அலி அகமது நெருக்கடிநிலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார். இந்த முறையை ஆதரிக்கும் எனக்கு இன்றும் நெருடுவது அந்த இரவுதான்.

அதற்கு மருந்து நேரடித் தேர்தல் அல்ல; ஒரு கட்சியின் ஆளாக இல்லாத, பல கட்சிகளும் ஏற்கும் ஒருவரை நிறுத்துவதுதான். 1997-இல் கே.ஆர். நாராயணன் ஏறக்குறைய எல்லாப் பெரிய கட்சிகளின் ஆதரவோடும் வந்தார். சில மாதங்களிலேயே, உத்தரப் பிரதேச அரசைக் கலைக்கச் சொன்ன மத்திய அமைச்சரவையின் பரிந்துரையை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பினார். அமைச்சரவை அதை மீண்டும் அனுப்பவில்லை.