நிற்கும் பாலமும் விழுந்த பாலமும்

கேள்வி: சிங்கப்பூரில் வெள்ளைக்காரன் கட்டிய கேவனா பாலம் 1869 முதல் அசையாமல் நிற்கிறது. குஜராத்தில் 1985இல் திறந்த பாலமோ 2025இல் இடிந்து விழுந்துவிட்டது. அந்தக் காலத்து உறுதி எங்கே போயிற்று?
- வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: வெள்ளைக்காரன் கட்டியது என்று எழுதியிருக்கிறீர்கள். கிளாஸ்கோவிலிருந்து கப்பலில் வந்த இரும்பை இங்கே பொருத்தி நிமிர்த்தியவர்கள், இந்தியாவிலிருந்து நாடு கடத்திக் கொண்டுவரப்பட்ட கைதிகள். கேவனா என்ற ஆளுநரின் பெயர் பாலத்துக்கு நிலைத்துவிட்டது. உழைத்தவர்களின் பெயரை நாம் கேட்பதே இல்லை. இதை இந்தப் பக்கத்தில் முன்பும் எழுதியிருக்கிறேன், இனியும் எழுதுவேன்.

அந்தப் பாலம் ஏன் நிற்கிறது என்பதற்கான விடை, அதன் நுழைவாயிலில் இன்றும் இருக்கும் அறிவிப்புப் பலகையிலேயே கிடைக்கிறது. ஏறத்தாழ 152 கிலோவுக்கு மேற்பட்ட வண்டிகளும் மாடு, குதிரைகளும் அதில் செல்லக்கூடாது. பெருகிவந்த போக்குவரத்தை அது தாங்காது என்று உணர்ந்து, அருகிலேயே ஆண்டர்சன் பாலத்தைக் கட்டி 1910இல் திறந்தார்கள். கேவனா நடந்து செல்வோருக்கு உரியதாயிற்று. உரிய காலத்தில் சுமையை இறக்கிவிட்டதால் அது பிழைத்தது. அதே பிரிட்டிஷார் காலத்தில் கட்டப்பட்டு, மும்பை - கோவா நெடுஞ்சாலையின் பாரத்தைச் சுமந்துகொண்டிருந்த சாவித்திரி ஆற்றுப் பாலம், 2016 ஆகஸ்ட் வெள்ளத்தில் பேருந்துகளோடு அடித்துச் செல்லப்பட்டது. ஆகவே கட்டியவரின் நிறத்தை வைத்து உறுதியை அளக்காதீர்கள்.

பாலத்தைக் கொல்வது பெரும்பாலும் தண்ணீர்தான். இணைப்புகளிலும் வெடிப்புகளிலும் இறங்கும் நீர் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்பதால் கான்கிரீட் உள்ளிருந்தே பிளக்கிறது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் 2022 ஜனவரி 28 அன்று விழுந்த பாலத்தில், வடிகால்கள் அடைத்து நீர் தேங்கி எஃகுக் கால்கள் அரிக்கப்பட்டிருந்ததை ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் அறிக்கைகளில் எழுதிவந்தார்கள். எழுதியதை யாரும் செய்து முடிக்கவில்லை. எனக்குக் கோபம் வருவது இங்கேதான். பாலத்தின் திறப்பு விழாவுக்குப் பத்திரிகைகள் முதல் பக்கத்தைத் தருகின்றன; அடைத்த வடிகாலைத் தூர்வாரியதற்கு எந்தப் பத்திரிகையும், என் பத்திரிகை உட்பட, ஒரு வரியும் தருவதில்லை. கண்ணுக்குத் தெரியாத பழுதுகளும் உண்டு. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் 1971இல் திறந்த கரோலா பாலத்தின் ஒரு பகுதி 2024 செப்டம்பரில் சரிந்தபோது, கான்கிரீட்டுக்குள் இறுக்கிக் கட்டப்பட்ட எஃகுக் கம்பிகள் விரிசல் விட்டிருந்தது தெரியவந்தது. அத்தகைய பழுதைக் கண்டறிய உரிய கருவியும் பயிற்சி பெற்ற ஆளும் வேண்டும். இரண்டுக்கும் ஆண்டுதோறும் பணம் ஒதுக்க வேண்டும்.

நம் மெர்டேக்கா பாலம் 1956இலும் பெஞ்சமின் ஷியர்ஸ் பாலம் 1981இலும் திறக்கப்பட்டவை. இரண்டும் கடற்காற்றிலும் மழையிலும் முதுமை அடைகின்றன. மழை விட்ட பிறகும் உங்கள் பேட்டை மேம்பாலத்தின் அடியில் நீர் சொட்டினாலோ, பிளந்த கான்கிரீட்டில் துருக்கறை தெரிந்தாலோ, படம் எடுத்து நிலப் போக்குவரத்து ஆணையத்துக்கு அன்றே அனுப்புங்கள். என்ன செய்தார்கள் என்று ஒரு மாதம் கழித்து மறுபடியும் கேளுங்கள்.